பிளாஸ்திரியில் ஒரு சேவ்

'சேவ்' என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் அக்கா குதிகுதி என்று குதிப்பாள். "பேணுகன்னு சொல்ல வாய் வலிக்குதா?" ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்குத் தமிழ்ச் சொற்கள் போட்டுக்கொடுப்பது அவள் வேலை. சேவ் என்றால் 'பேணுக', க்ளியர் என்றால் 'களைக'. அப்பாகூட அவளுக்குப் பயந்து, "போட்டோவைப் பேணிட்டேம்மா" என்பார். நான் வைத்த பட்டப்பெயர் சொல்லரசி.

அன்று அப்பாவுக்குக் காலில் சீழ் வைத்துக் காய்ச்சல். வார்டில் சேர்த்தோம். அவருக்குப் பெனிசிலின் ஆகாது. முன்பு ஒரு தடவை அதைப் போட்டு, செத்துப் பிழைத்தவர். அதை நர்ஸிடம் சொன்னேன். என் கண்ணெதிரேதான் டைப் பண்ணினார்.

மருந்துக் கடைக்குப் போயிருந்த அக்கா திரும்பி வந்தாள். நர்ஸின் மானிட்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். திரையில் கீழ் வரிசையில் அவளுடைய பொத்தான்கள். அவற்றுக்கு நேர் கீழே, மானிட்டரின் விளிம்புச் சட்டத்தில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரித் துண்டுகள் இரண்டு. பேனாவால் ஒன்றில் 'சேவ்', இன்னொன்றில் 'க்ளியர்'.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சொல்லரசி, உன் வார்த்தைக்கே கட்டுப் போட்டுட்டாங்க பாரு!"

"அந்த வார்த்தையெல்லாம் எங்களுக்குப் பிடிபடலைங்க மேடம்," என்றார் நர்ஸ் சங்கடத்தோடு. "பிளாஸ்திரியைப் பார்த்துத் தட்டிடுவோம்."

அக்கா சண்டைக்குப் போவாள் என்று பார்த்தால், முகம் வெளிறிப்போய் நின்றாள்.

"இன்னைக்குக் காலையில மென்பொருளோட புதுப் பதிப்பு வந்துச்சுல்ல? அதுல ரெண்டு பொத்தானையும் இடம் மாத்திட்டோம்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். 'சேவ்' பிளாஸ்திரிக்கு மேலே 'களைக' இருந்தது. நர்ஸ் அவசரமாக அப்பாவின் பக்கத்தைத் திறந்தார். ஆகாத மருந்து என்ற கட்டம் காலியாக இருந்தது.

"ஐயோ, டாக்டர் பெனிசிலின்தானே எழுதினாரு!" என்றார்.

வார்டின் கோடியில் வேறொரு நர்ஸ் அப்பாவின் கையைப் பிடித்து ஊசியோடு குனிந்துகொண்டிருந்தார். எனக்கு வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை.

"கேன்சல்!" அக்காதான் கத்தினாள். "கேன்சல் பண்ணுங்க! கேன்சல்!"

ஊசி அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா, நீயா கேன்சல்ங்கிறே?" என்றார் அப்பா, ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே.

அக்கா பிளாஸ்திரிகளைப் பிய்த்து, இடம் மாற்றி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"காலையிலேர்ந்து எத்தனை பேருக்கு இப்படித் தட்டினீங்க?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு, வரிசையாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்தார்.