பேருந்தில் ஏறுவது எப்படி

பணிமனையில் அவளை ரிவர்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் முன்பக்கமாக நுழையவே யோசிக்கிற சந்தில் அவள் பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்துச் சொருகிவிடுவாள். ஓட்ட வந்து இருபத்திரண்டு வருஷம். அவள் அப்பா இதே பணிமனையில் டயர் கழற்றி மாட்டியவர். வீட்டில் அவர்கள் பேசுவது வேறு மொழி. அந்த மொழிக்காரர்கள் ஆற்றோரம் நாலைந்து தெருக்களில், நகராட்சி என்று ஒன்று வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறார்கள்.

அந்த வருஷம் பணிமனையில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற கட்டத்தில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அடுத்த வாரமே கடிதம் வந்தது. ‘புதிதாக வந்தவர்களுக்கான அறிமுக வகுப்பு. எட்டு வாரம். வராதவர்களுக்கு வண்டி எடுக்க அனுமதி இல்லை.’

கடிதத்தை மடக்கிக்கூட வைக்காமல் நேரே மேலாளர் அறைக்குப் போனாள். அவர் பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சிரித்த முகத்துடன் உட்காரச் சொன்னார்.

“நீங்க எங்கேருந்து வந்தீங்கம்மா?”

“பதினாலாம் நம்பர் வண்டியிலேருந்து.”

“இல்ல, அதுக்கு முன்னாடி?”

“வீட்டுலேருந்து.”

“அதுக்கும் முன்னாடி?”

“எங்கம்மா வயித்துலேருந்து சார். அவங்க பொறந்ததும் இங்கதான். இன்னும் பின்னாடி போகணுமா? ரிவர்ஸ் எடுக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல.”

மேலாளர் படிவத்தைத் தட்டிக் காட்டினார். வீட்டு மொழி வேறு என்றால் கம்ப்யூட்டர் அவளை அந்தப் பட்டியலில்தான் சேர்க்கும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“நான் இந்த லிஸ்ட்டுல இருக்கறவங்கள மாதிரி எங்கேருந்தோ பொழைக்க வந்தவ இல்ல!”

சொல்லிக்கொண்டே திரும்பினாள். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில், இதே கடிதத்தோடு, மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆனவன். அவள் வண்டிக்கு பிரேக் பார்ப்பவன் அவன்தான். நிமிர்ந்து பார்த்தான்.

வண்டி எடுக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மூன்றாம் வாரப் பாடம், ‘பேருந்தில் ஏறுவது எப்படி’. ஆசிரியை நல்ல பெண்தான். படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னாள்: முதலில் இறங்குகிறவர்களுக்கு வழிவிட வேண்டும், பிறகு வரிசையாக ஏற வேண்டும், ஓட்டுநருக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

அக்கா கையைத் தூக்கினாள். “டீச்சர், ஏறும்போது நானே எனக்கு வணக்கம் சொல்லிக்கணுமா?”

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. ஆசிரியைகூட வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் அவனை மறித்தாள். “என்ன தம்பி, மூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?”

“அன்னைக்கு நீங்க சொன்னது கேட்டுச்சுக்கா.”

“கோவத்துல வாய் தவறிடுச்சுப்பா.”

“தவறல. மனசுல இருந்ததுதான் வந்துச்சு.”

அவள் இல்லை என்று சொல்லப் பார்த்தாள். அவன் முந்திக்கொண்டான்.

“நீங்க இந்த ஊர்க்காரங்க, நான் வந்தவன். அது உண்மைதானே, எனக்கு அதுல வெக்கம் இல்ல. வந்தவன்னா மட்டம்னு நீங்க நெனச்சதாலதான் அந்தப் பேரு உங்களுக்குச் சுடுது. போன மாசம் ஸ்கூல்ல என் பொண்ணப் பத்தி ஏதோ சொன்னாங்க. பாதி புரியல. தலையாட்டிட்டு வந்தேன். எனக்கு வகுப்பு வேணும்க்கா, மொழி வேணும். இங்க பஸ்ல ஏறச் சொல்லித் தர்றாங்க. நான் தெனமும் பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கெடக்கறேன்!”

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் சொன்னது தப்பு,” என்றாள். அவன் போய்விடவில்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்தான்.

அங்கேயே ஒரு தாளில் எழுதினார்கள். அவன் கேட்டது: ஸ்கூலிலும் ஆஸ்பத்திரியிலும் பேச உதவுகிற மொழி வகுப்பு, வேலை நேரத்துக்குள். அவள் கேட்டது: இங்கேயே பிறந்தவர்களை வந்தவர் பட்டியலில் எழுதக் கூடாது; பதினாலாம் நம்பர் வண்டியில் ஆற்றோரத்து மொழியிலும் நிறுத்தத்தின் பேரைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் பணிமனையில் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க பேர எடுத்துடறேம்மா. அதோட விட்டுடுங்க. அவங்க விஷயம் வேற, உங்க விஷயம் வேற.”

“வேறதான் சார். அதனாலதான் தனித்தனியா எழுதியிருக்கோம்.”

“அப்புறம் எதுக்கு ஒரே தாள்ல?”

“எனக்கு மட்டும் ஆமான்னு சொல்லி அவனை நீங்க கைகழுவிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.”

“அப்ப உங்க பேரும் பட்டியல்லயே இருக்கும்.”

“இருக்கட்டும். வகுப்புக்கு மட்டும் இனி வரமாட்டேன்.”

பத்து நாள் அவளுக்கு வண்டி கொடுக்கவில்லை. சீருடை போட்டுக்கொண்டு தினமும் வந்து ஓட்டுநர் அறையில் உட்கார்ந்தாள். மூன்றாவது நாள் மற்றவர்களும் வகுப்புக்குப் போகவில்லை, ஒருவர்கூட இல்லை. ஆசிரியை வெறும் நாற்காலிகளைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினாள், கூடவே ‘இவர்கள் கேட்பது சரி’ என்று ஒரு கடிதமும். பதினோராம் நாள் பட்டியலிலிருந்து அவள் பேர் போனது, வண்டியும் திரும்பக் கிடைத்தது. மெக்கானிக் கேட்ட வகுப்புக்கும் அனுமதி வந்தது, வாரம் இரண்டு நாள், அதே ஆசிரியையோடு. நிறுத்தத்தின் பேர் விஷயம் மட்டும் ‘பரிசீலனையில் உள்ளது’.

பரிசீலனை முடிகிறவரை அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை முதல் நிறுத்தத்திலேயே மைக்கை எடுத்து, நிறுத்தத்தின் பேரை முதலில் அலுவல் மொழியில் சொன்னாள், பிறகு ஆற்றோரத்து மொழியில். பின் இருக்கையிலிருந்த கிழவர் ஒருவர் எழுந்து, “இது நம்ம பஸ்தானா?” என்று அந்த மொழியிலேயே உரக்கக் கேட்டார்.

“உட்காருங்க பெரியப்பா, நம்ம பஸ்தான்,” என்றாள் மைக்கிலேயே.

இப்படிச் சொன்னதற்கு விளக்கம் கேட்டு இதுவரை மூன்று மெமோ வந்துவிட்டது. மூன்றுக்கும் ஒரே பதில் எழுதிக் கொடுத்தாள்: ‘சொன்னது உண்மை. நாளையும் சொல்வேன்.’