சொக்கம்மாள் வைத்த பெயர்கள்

கல்மண்டபத்தில் அமீர் பாயின் செல்போன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி கிடைத்ததே பெரிது. கெட்டுப்போன போனுக்கு பாய் சாஃப்ட்வேர் போடுவார். போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் முதலிலேயே பெயர், நம்பர், மெசேஜ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்து வைப்பது என் வேலை.

பாய்க்குத் தெரியாமல் இன்னொன்றும் செய்துவந்தேன். ஒருமுறை கரண்ட் போனதில் ஓர் ஆட்டோக்காரரின் பேக்கப் கெட்டுவிட்டது. அவர் திட்டவில்லை. காலியான போனைப் பார்த்தபடி கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பேக்கப்பையும் இன்னொரு காப்பி எடுத்து, 'பிரிண்டர்' என்ற ஃபோல்டரில் ஒளித்தேன். கடையில் பிரிண்டரே கிடையாது; யாரும் திறக்கமாட்டார்கள். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித்தான் கடை ஓடியது. கம்ப்யூட்டரில் பாட்டுக்கே இடம் போதவில்லை, அதனால் எவருடையதும் ஒரு காப்பிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பாயின் உத்தரவு.

காலையில் கொடுத்த போனை வாங்க சாயங்காலம் சொக்கம்மாள் வந்தார். காலடிப்பேட்டைக்காரர். கோடவுன்களுக்குக் கோணி தைக்கப் பெண்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரி. போனை வாங்கி அமுக்கிக்கொண்டே போனவர் நிமிர்ந்தார்.

“இன்னா பாய், என் ஆளுங்க ஒருத்தியையும் காணோம்?”

“பேரெல்லாம் கீதும்மா. குப்பையத்தான் எட்த்துட்டேன். உங்க வூட்டுக் கொழந்த ஸ்டாரு, ஹாஷுன்னு நாப்பது அமுக்கி வச்சிருந்துச்சு.”

அது பாயின் பழக்கம். பேக்கப்பைத் திறந்து, தேவையில்லாததை நீக்கி, அதே ஃபைலில் சேமித்துத்தான் போனில் திருப்பி ஏற்றுவார். அதற்குக் காசு வாங்கமாட்டார்.

“கொழந்தையா? நான்தான் அமுக்குனேன். எனக்கு எய்தப் படிக்கத் தெரியாது பாய். ஸ்டாரு மூக்குத்திக்காரி. மூணு சைபரு, மூணு புள்ள பெத்தவ. ஜன்னல் கம்பி மாரி ஒண்ணு கீதே, அவ புருசன் ஜெயில்ல கீறான்.”

பாய்க்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

“நாளைக்கு வேல திருவொத்தியூர்ல இல்ல, எண்ணூர்ல. இன்னிக்கே சொல்லலன்னா அத்தினி பேரும் பழைய கேட்டாண்ட போய் நிப்பாளுங்க. வேற மேஸ்திரி ஆள எறக்கிடுவான்.”

“வூடு தெரியாதா?”

“பாதி பேரு வியாசர்பாடி, பாதி பேரு எர்ணாவூரு. எந்தச் சந்துல போய்த் தேடுவேன்?”

பாய் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தார். அவர் சுத்தம் செய்ததுதான் இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“தப்பு என்னுதுதாம்மா,” என்றார்.

சொக்கம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவதே இல்லை. கேட்டால் தலையாட்டுவேன், அவ்வளவுதான். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும் என்று தெரிந்தது. அந்த நாற்பது பேரும் விடியற்காலையில் மூடிய கேட்டின் முன் நிற்பதும் தெரிந்தது.

“பாய், இன்னொரு காப்பி கீது.”

ஃபோல்டரைத் திறந்தேன். இருநூற்றுக்கும் மேல் ஃபைல்கள். பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எல்லாரோடதுமா?”

“ஆமா பாய்.”

“மொதல்ல ஏத்து,” என்றார்.

ஏற்றி முடித்ததும் சொக்கம்மாள் அங்கேயே நின்று ஆரம்பித்தார். “ஏய், நாளைக்கு எண்ணூருடி. ஆறு மணி. தூக்குல கஞ்சி எட்த்துகினு வா.” ஐந்தாறு பேருக்குச் சொன்னபின் என் பக்கம் திரும்பினார்.

“தே பாப்பா, என் மெசேஜெல்லாம் படிச்சியா?”

“படிக்கலக்கா. காப்பி மட்டுந்தான்.”

“என்னுது, என்னக் கேட்டுட்டு வச்சிருக்கலாம்ல?”

எனக்குக் கண் கலங்கியது. அவர் என் தாடையைத் தொட்டார். “அய்வாத. என்னுத வச்சிரு. மத்தவங்கள கேளு.” அடுத்த நம்பரை அமுக்கிக்கொண்டே படியிறங்கினார்.

பாய் அந்த ஃபோல்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, “அந்தம்மாவோடத தவிர பழசெல்லாம் அழிச்சிரு,” என்றார். “இனிமே ரெண்டு காப்பி எடு. நானும் கை வைக்க மாட்டேன். ஆனா வந்தவங்கள கேட்டு எடு. நான் கேக்க மாட்டேன், நீதான் கேக்கணும்.”

ஹார்பர் கிரேன் ஓட்டும் ஜேக்கப் அண்ணன் உள்ளே வந்து போனைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். நான் எழுந்து நின்றேன்.

“அண்ணே, உங்க பேக்கப்ப ரெண்டு காப்பி வச்சிக்கட்டா?”

“இன்னாம்மா? காதுல வுழல,” என்றார்.

மறுபடியும் கேட்டேன்.