துண்டு போட்ட சட்டி

ஜார்ஜ்டவுன் ஃபிளாட்டுக்குக் கொசுப்புகை அடிக்க வந்தவர்கள், "எல்லாத்தையும் மூடி வைங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தார்கள். கோகுலன் தலையாட்டினார்.

பள்ளிவிட்டு வந்த மகள் காமினி அலறினாள். கண்ணாடித் தொட்டியில் அவளுடைய தங்கமீன் ஒருக்களித்து மிதந்தபடி மூச்சுக்குத் தவித்தது.

"தொட்டிய மூடலையாப்பா?"

"நான் வெளிய போயிருந்தேம்மா. அவனுங்க சொல்லாம கொள்ளாம அடிச்சிட்டானுங்க லா."

இருவரும் தண்ணீரை மாற்றினார்கள். மீன் லேசாக வாலை அசைத்தது.

"நீங்க வீட்ல இருந்திருந்தா கண்டிப்பா மூடியிருப்பீங்கப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட அடுப்படிக்குப் போனாள்.

கோகுலனுக்கு அப்போதுதான் உறைத்தது. புகை பட்டுவிடக் கூடாதென்று மீன் குழம்புச் சட்டியின்மேல் அவர் போர்த்திய துண்டு இன்னும் அப்படியே இருந்தது.

காமினி அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.