ஆறே காலுக்குத் தட்டும் குளம்பு

“பூச்சின்னு அந்த டாக்டரம்மா கண்ணாடி வெச்சிப் பாத்து—”

“பூச்சிக்கு மணி பாக்கத் தெரியுமாய்யா? டாண்ணு ஆறே காலுக்கு—”

“சொல்லிக்கினு கீறேன் இல்ல, குறுக்க பேசாத!”

“நீதான் குறுக்க பேசற. எம் புள்ள வர்ற நேரத்துக்குத் தட்டுது. எனக்குத் தெரியும், அதுக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியல.”

“உம் புள்ள வரலடி! எட்டு மாசமாச்சு. வந்தது சொறி!”

சொன்ன பிறகுதான் கோபாலுக்கே தன் குரல் காதில் விழுந்தது. கையில் பிடித்திருந்த கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தான். புங்க எண்ணெயில் கந்தகப் பொடியைக் குழைத்த மஞ்சள் பசை அதில் தளும்பியது. செங்கேணி முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர்கள் இருவருக்கும் நடுவில், கொட்டகைக் கம்பத்தில் கட்டியிருந்த வெள்ளைக் குதிரை பின்னங்காலைத் தூக்கி மண்ணில் ஓங்கி அறைந்தது. ஒரு தரம். இரண்டு தரம். பிறகு விடாமல்.

அந்தக் குதிரைக்கு மின்னல் என்று பேர் வைத்தவன் அவர்கள் ஒரே மகன் கலைச்செல்வன். வாரமெல்லாம் ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்டு வேலை, முகூர்த்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை. கம்பெனி பஸ் ஏரி மதகருகே அவனை இறக்கிவிடும்போது மணி ஆறே கால் ஆகும். பஸ் கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் இங்கே கேட்காது. ஆனால் மின்னல் தட்ட ஆரம்பிக்கும். செங்கேணி டீக்கு அடுப்பை மூட்டுவது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். டீ கொதிப்பதற்கும் அவன் படலைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும்.

மானாம்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்பும்போது லாரி அடித்து அவன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். குதிரை மட்டும் தானே வழி பார்த்து வந்து படலில் நின்றது. அதன் முதுகில் அவன் போர்த்தியிருந்த பழுப்புக் கம்பளி அப்படியே கிடந்தது. குளிரில் அவனும் அதைத்தான் போர்த்திக்கொள்வான், குதிரைக்கும் அதைத்தான் போர்த்துவான்.

நாலு மாதம் குதிரை சும்மா நின்றது. மாலையானால் ஒரு காது கூட அசையாது. அப்புறம் ஒருநாள், அதே ஆறே காலுக்கு, தட்ட ஆரம்பித்தது. செங்கேணி ஓடிப்போய் டீ வைத்தாள். அன்றைக்கு அவள் மூன்று டம்ளரில் ஊற்றினாள், கோபால் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டான்.

குளம்புக்கு மேலே மயிர் கொட்டி, தோல் தடித்து, ரத்தம் கசிந்தபோதுதான் அவன் உத்திரமேரூர் போய்க் கால்நடை டாக்டர் சுதாவைக் கூட்டி வந்தான். அந்தப் பெண் தோலைச் சுரண்டி எடுத்துப்போய்ப் பார்த்து, மறுநாள் போன் பண்ணினாள்.

“சொறிப்பூச்சிங்க. கண்ணுக்குத் தெரியாது. கால்ல இருக்கறது பொழுது சாஞ்சா ஊற ஆரம்பிக்கும், அதான் தட்டுது. குதிரைக்குப் போடற மருந்து இங்க இல்ல, சொல்லிவிட்டிருக்கேன். எப்ப வரும்னு தெரியல.”

“அதுவரிக்கும் புங்கெண்ணெ, கந்தகம் போடலாங்களாம்மா? மாட்டுக்கு எங்க நைனா அதான் பூசுவாரு.”

“பூசுங்க. மொதல்ல கையகல எடத்துல போட்டு ஒருநாள் பாருங்க. தோல் பொத்துக்கிச்சுன்னா விட்டுடுங்க. ரத்தம் வர்ற எடத்துல வேணாம். வேப்பந்தழை கொதிக்க வெச்ச தண்ணில, ஆறினப்புறம் கால் கழுவுங்க. இன்னொண்ணு, அது மேல பட்ட துணி, கயிறு, பிரஷ் எல்லாத்தையும் கொதிக்க வைக்கணும், இல்லன்னா கொளுத்திடணும். ஒண்ணு மிச்சம் வெச்சாலும் திரும்ப வரும்.”

கோபால் ஒன்று விடாமல் செய்தான். கத்தரி பிடித்துக் குளம்பு மயிரை வெட்டினான். வைக்கோலை வாரிக் கொளுத்தினான். கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்தான். கயிறு, பிரஷ், ஊர்வலத்து ஜிகினாப் போர்வை எல்லாம் நெருப்பில் போயின.

“அந்தக் கம்பளி எங்க?” என்று கேட்டான்.

“காரியத்தன்னிக்கே அவன் துணியோட சேத்து ஏரில வுட்டாச்சு இல்ல,” என்றாள் செங்கேணி, உலையைப் பார்த்துக்கொண்டே.

பத்து நாளில் புண் காய்ந்தது. தட்டுவது குறைந்து, நின்றும் போனது. அதற்கடுத்த வாரம் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை காலோடு நிற்கவில்லை, கழுத்துக்கும் முதுகுக்கும் ஏறிவிட்டது. கழுத்தில் மயிர் உதிர்ந்த இடத்தைச் செங்கேணி தடவிப் பார்த்தாள். நாலு விரலும் ஒரு கட்டை விரலும் வைத்து அழுத்தினாற்போல இருந்தது. கலைச்செல்வன் இறங்கியதும் தட்டிக்கொடுக்கும் இடம் அதுதான். அவளுக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது.

கோபாலுக்கோ தூக்கம் போயிற்று. “எங்க தப்பு பண்ணேன்? கம்பத்தக் கூட வுடலியே. எந்தப் பொந்துல குந்திக்கினு கீது அது?” என்று சுவரோடு பேசினான். செங்கல் சூளை வேலையிலும் மனம் ஓடவில்லை. மின்னல் தன் காலையே கடித்துக்கொண்டது. கொள்ளு வைத்தால் முகத்தைத் திருப்பியது.

இன்றைக்கு மத்தியானம் டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொல்லிப் போனதுதான் சண்டைக்குக் காரணம். இப்படியே இன்னும் ஒரு வாரம் போனால் குதிரை படுத்துவிடும், படுத்தால் எழுந்திருக்காது என்றாள். கம்பளியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. செங்கேணிக்குத் தெரியும். தெரிந்துதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

குதிரை தட்டுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தைக் கம்பத்தில் தேய்த்தது. சுண்ணாம்பில் சிவப்பாக ஒட்டியது. தன்னையறியாமல் செங்கேணியின் கையும் கழுத்துக்குப் போயிற்று. பரபரவென்று சொறிந்தாள். முந்தானை நழுவியது.

“கயுத்துல இன்னா அது?”

“வேர்க்குரு.”

“கார்த்திக மாசத்துல வேர்க்குருவா? கையக் காட்டு. காட்டுடி.”

தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள். கோபால் அவள் கையையும் பார்த்தான், குதிரையின் கழுத்தையும் பார்த்தான். கொஞ்ச நேரம் அவன் வாய் திறக்கவில்லை. அவள் அந்த நேரத்துக்குத்தான் பயந்தாள். கத்தினால் திருப்பிக் கத்தலாம்.

“எங்க வெச்சிக்கீற?” என்றான் கடைசியில்.

“நெல்லு டிரம்முல.”

“தெனமுமா?”

“நீ சூளைக்குப் போனப்பறம் எடுத்து அது மேல போத்துவேன். மத்தியானத்துல நான் போத்திக்கினு படுப்பேன். கம்பளி மேல கெடந்தாதான் அது அசையாம நிக்கும்யா. நீ பாத்ததில்ல. கண்ண மூடிக்கினு நிக்கும்.”

“நானு எண்ண பூசப் பூச, நீ பின்னாலயே...”

“ஆமா. பூசனாப்பறம் மூணு நாளு தட்டல. ஆறே கால் ஆவுது, ஆறரை ஆவுது, ஒண்ணும் இல்ல. வூடு செத்த வூடு மாரி கீது. டீ வெக்கறதா வேணாவான்னு கூட எனக்குத் தெரியல. அது நல்லாயிட்டா அவன் எப்பிடிய்யா வருவான்?”

கோபால் குனிந்து குதிரையின் முழங்காலைப் பிடித்துப் பார்த்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது. நிற்பதற்கே அது பாடுபடுகிறது என்று செங்கேணிக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. நான்கு மாதமாக அவள் சத்தத்தைத்தான் கேட்டாள். காலைப் பார்க்கவில்லை.

அவளே எழுந்து உள்ளே போனாள். டிரம்மிலிருந்து கம்பளியை எடுத்து முகத்தில் வைத்து ஒரு தரம் இழுத்து மூச்சு விட்டாள். வேர்வை, பீடி, கம்பெனியில் கை கழுவும் எலுமிச்சை சோப்பு. வெளியே வந்து, வேப்பந்தழை கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் போட்டாள். குச்சியை வைத்து அழுத்தினாள். அது ஒரு தரம் மேலே வந்தது. ஆள் முதுகு மாதிரி உப்பிக்கொண்டு வந்தது.

“இன்னும் அயுத்து,” என்றான் கோபால், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

“நீ வந்து அயுத்து. என்னால ஆவல.”

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே குச்சியைப் பிடித்து அழுத்தினார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் திரும்ப முதலிலிருந்து. வேப்பந்தண்ணீர், புங்க எண்ணெய், புது வைக்கோல், புதுக் கயிறு. பூசியது செங்கேணி, பிடித்துக்கொண்டது கோபால். அவள் கையில் இருந்த தடிப்பும் அடங்கியது. மின்னல் கொள்ளு தின்றது. குளம்புக்கு மேலே புதுமயிர் பஞ்சு போல முளைத்தது. டாக்டர் திரும்பவும் சுரண்டிப் பார்த்து, ஒன்றுமில்லை, சுத்தம் என்றாள்.

குதிரை தட்டவில்லை. ஆறே கால் வரும், போகும். செங்கேணி அடுப்பை மூட்டுவதை விட்டுவிட்டாள். கம்பளி மட்டும் கொல்லைக் கொடியில் கிடந்தது. மழைக்காலம், காய்வேனா என்றது. காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க இருவருக்கும் மனம் வரவில்லை. மடித்து வைத்தால் எங்கே வைப்பது?

தை பிறப்பதற்கு முந்தைய நாள், பொழுது சாயும் நேரத்தில், அவள் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மின்னல் பாதியில் வாயை எடுத்தது. உதட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு காதும் ஏரிப் பக்கம் திரும்பி நின்றன.

பின்னங்காலைத் தூக்கி ஒரே ஒரு தரம் தட்டியது.

செங்கேணி வாளியை விட்டுவிட்டு உட்கார்ந்து காலைத் தடவினாள். மயிரை விலக்கிப் பார்த்தாள். தடிப்பில்லை, பொருக்கில்லை, சூடில்லை. ஊறலெடுத்த குதிரை ஒரு தரத்தோடு நிற்காது. இது நின்றது. சிலை மாதிரி படலையே பார்த்துக்கொண்டு நின்றது.

கோபால் பார்த்துவிடக் கூடாதே என்று அவளுக்கு முதலில் பட்டது. பார்த்தால் கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வருவான், பூச்சி என்பான், மறுபடியும் முதலிலிருந்து. அவள் திரும்பினாள்.

அவன் கொல்லையிலிருந்து வந்துகொண்டிருந்தான். கையில் கொட்டாங்கச்சி இல்லை. தோளில் கம்பளி கிடந்தது. அவளைத் தாண்டி, குதிரையைத் தாண்டிப் படலுக்குப் போனான். அதன் கயிற்றை அவிழ்த்து, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து பிடித்துக்கொண்டான். வெளியே ஏரிக்கரை வரைக்கும் ஒரு ஈ காக்காய் இல்லை.

“கம்பளி காஞ்சிட்ச்சுடா கலையா, போத்திக்க வா,” என்றான்.