வீட்டுப்பாடத்துக்கு ஒரு மீன்

"கிட்ட வராத நைனா. அழிஞ்சிடும்" என்றாள் மங்கா.

கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு, இடுப்புத் துணியிலிருந்து தண்ணீர் சொட்ட வந்துகொண்டிருந்தேன். தினமும் அந்த நேரத்துக்குத்தான் அவள் பள்ளிக்கூடம் போவாள். என்னைப் பார்த்ததும் ஓடிவருவாள், ஈரத்தோடு தூக்குவேன், பாவாடை நனைஞ்சி போச்சு என்று என் பெண்சாதி கோவிந்தம்மா பின்னாலிருந்து கத்துவாள். எங்கள் குப்பத்தில் எல்லோரும் பார்த்த கூத்துதான் அது. அன்றைக்கு சிலேட்டை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். கோயிலுக்குத் தட்டு எடுத்துப்போகிறவர்கள் பிடிப்பார்களே, அப்படி. அதில் வெள்ளையாய் வரிவரியாய் என்னமோ இருந்தது. வீட்டுப்பாடமாம். இரண்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து கொடுக்கிறார்களாம். ராத்திரி எழுதி, காலையில் அழியாமல் கொண்டுபோய் டீச்சரிடம் காட்ட வேண்டும். வழியில் அழிந்தால் எழுதவே இல்லை என்று அர்த்தம்.

ஏழு வயசுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எதுக்கு என்று அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். வெள்ளைக்காரன் போன புதுசு. படித்தால் எல்லாம் மாறிவிடும் என்று திருவொற்றியூர் முழுக்கப் பேச்சு. பேசினவன் எவனும் எனக்கு நம்பிக்கையாகத் தெரியவில்லை.

கடலுக்குப் போகிறவனுக்குப் பொழுது வேறு. விடியுமுன் போய், வெயில் ஏறும்போது வந்து, மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் படுத்தால், சாயங்காலம் தீப்பெட்டிக் கம்பெனியில் சங்கு ஊதும்போதுதான் கண் திறக்கும். அதிலிருந்து இருட்டுகிற வரைக்கும் வலை பார்ப்பேன். அப்போது நூல் வலை, தினமும் எங்காவது கிழியும். மங்கா எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, மூங்கில் ஊசியில் நூலைச் சுற்றிக் கொடுப்பாள். ஒரு ஊசி தீருவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். வாய் மட்டும் மூடாது. எந்த வீட்டு நாய் குட்டி போட்டது, எவள் எவளோடு சண்டை, நண்டுக்குக் காது உண்டா இல்லையா, எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஒரு பொழுதுதான் என் பெண் எனக்கு. மற்ற நேரமெல்லாம் அவள் தூங்குவாள், இல்லையென்றால் நான் தூங்குவேன்.

அந்தப் பொழுதைத்தான் வீட்டுப்பாடம் எடுத்துக்கொண்டது. நானும் கோவிந்தம்மாவும் கைநாட்டு. சிம்னி விளக்கடியில் மங்கா எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் அழுதாள். மறுநாள் கோவிந்தம்மா அவளைக் கூட்டிக்கொண்டுபோய்த் தேவப்பிரியம் கடையில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவில்லை.

தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு வேதக் கோயிலுக்குப் போவார். அரிசி, உப்பு, கெரசின், கயிறு எல்லாம் அவரிடம்தான் வாங்க வேண்டும். கடையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஏற்றினால் குப்பத்து மணல் பாதி தூரம் பகல் மாதிரி ஆகிவிடும். ஊரில் மங்கா வயசில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாளாம், வருசத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பாராம். அதைச் சொல்லி என்னை இளக்கப் பார்த்தாள் கோவிந்தம்மா. மகள் மேல் அவ்வளவு ஆசை இருந்தால் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே. என் பெண் எதற்கு?

அப்புறம் மங்கா வாயில் எப்போதும் அவர்தான். "அண்ணாச்சி பல்பத்த எப்டி புடிக்கணும்னு சொல்லிக் குடுத்தாரு." "அண்ணாச்சிக்கு இங்கிலீசுல நூறு வரிக்கும் எண்ணத் தெரியும்." "அண்ணாச்சி சொல்றாரு, நண்டுக்குக் காது கெடையாதாம்."

நண்டுக்குக் காது உண்டு என்று நான் சொல்லியிருந்தேன்.

ஓசியில் ஒருத்தன் என் பெண்ணுக்கு எதுவும் செய்யக்கூடாது என்று முடிவு பண்ணினேன். கூலி கொடுத்துவிட்டால் அவன் கூலியாள், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து, கரையில் மீனைப் பிரித்ததும், என் பங்கிலிருந்து நல்லதாக ஒரு மீனை எடுத்துக் கொண்டுபோய்க் கடைப் பலகையில் போட்டேன். ஒருநாள் சங்கரா, ஒருநாள் வவ்வால். முதல் நாள் அவர் "எதுக்குவே இதெல்லாம்" என்றார். "வூட்டுப்பாடத்துக்கு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன். மனசு கொஞ்சம் ஆறியிருந்தது. கோவிந்தம்மா மட்டும், விற்கிற மீனைத் தூக்கிக் கொடுக்கிறாயே என்று முனகினாள்.

எங்கள் கரையில் பிரிக்கிற முறை ஒன்று உண்டு. மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அப்புறம் கடலில் இறங்கினவனுக்கு ஆளுக்கொரு பங்கு. இறங்காதவன் கைக்கு தினமும் மீன் போகிறதென்றால் மரமோ வலையோ ஏதோ ஒன்று அவனுடையது என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இருந்தும் அந்த மீனை எடுக்கும்போது எனக்கு அது தோன்றவில்லை.

என்னோடு மரம் ஏறுகிற சுப்புராயன் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"இன்னா மாமு, அண்ணாச்சிக்கு டெய்லி போய்கினு கீதே, அது மரப் பங்கா, வலைப் பங்கா?"

"வேலைய பார்றா."

"அட சொல்லு மாமு. மரம் நம்மளுது, வலை உன்னுது. அவருக்கு உன்கிட்ட இன்னா பாத்தியத கீது?"

வலை உதறிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தன் தலையைத் தூக்காமலே சொன்னான். "பொண்ணுல பங்கு."

சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு நடந்தேன். கடையில் தேவப்பிரியம் முகமெல்லாம் மலர்ச்சியாக இருந்தார். மீனைக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம பிள்ளைக்குக் கை நல்லா ஓடுதுவே. விட்டுராம படிக்க வைக்கணும்" என்றார்.

நம்ம பிள்ளை. மீனைப் போட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. சட்டைகூடப் போடாமல், துண்டைப் போர்த்திக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனேன்.

ஆலிஸ் டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். ஒல்லியான அம்மாள், மூக்குக்கண்ணாடி. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"சின்னப் புள்ளைக்கு இன்னாத்துக்கும்மா வூட்டுப்பாடம்? பகலெல்லாம் உங்ககிட்டதானே கீறா? படிப்ப இங்கியே முடிச்சி அனுப்புங்க. நான் கடலு வேலைய வூட்டுக்கா தூக்கினு போறேன்?"

"வலையை எங்க பின்றீங்க?"

"வூட்லதான். அது கிழிஞ்சா பின்னாம இன்னா பண்றது?"

"மங்கா உங்களுக்கு ஊசியில நூல் சுத்தித் தருவாளாமே. வகுப்புல சொல்லுவா. அது மட்டும் வேலை இல்லையா?"

படித்தவர்கள் இப்படித்தான் வாயைக் கட்டுவார்கள். மங்கா என்னைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறாள் என்பது கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. அதையும் இந்த அம்மாள் சொல்லித்தான் நான் கேட்க வேண்டியிருக்கிறது என்பது பிடிக்கவில்லை.

"அது எங்கூட ஒக்காந்து செய்றா. இது எவன் வூட்லயோ போய் ஒக்காந்து செய்றா" என்றேன்.

"எனக்கும் இஷ்டம் இல்லைங்க. பெரிய வாத்தியார் உத்தரவு. சரி, உங்க பொண்ணுகிட்ட இனிமே நான் கேக்க மாட்டேன். அவளுக்கு வீட்டுப்பாடம் கிடையாது" என்றார் டீச்சர்.

ஜெயித்துவிட்டேன். சாயங்காலம் மங்காவிடம் சொன்னபோது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தலையை ஆட்டினாள். வந்து எதிரே உட்கார்ந்தாள், ஊசியை எடுத்தாள், நூலைச் சுற்றினாள். கிழிந்த இடத்தை நான் பின்னிக்கொண்டு வந்தேன். கடைப் பக்கம் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"இன்னாடி, ஒண்ணும் பேச மாட்ற?"

"இன்னா பேசறது நைனா?"

"எதுனா பேசு. நாய்க்குட்டி கண்ணு தொறந்துதா?"

"அது தொறந்து ரொம்ப நாளாச்சு."

சுப்புராயன் கூப்பிட்டான், மரத்தில் கட்டு தளர்ந்திருக்கிறதாம். போய் இறுக்கிவிட்டு வந்தேன். மங்கா இல்லை. என்னிடம் இருந்த ஊசி அத்தனையிலும் பிசிறில்லாமல் நூல் சுற்றி, வலைமேல் வரிசையாக வைத்திருந்தது. எனக்கு வேண்டியதை முடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"எங்கடி அவ?" என்றேன் கோவிந்தம்மாவிடம்.

"எங்க போவா? அங்கதான். உனுக்கு ஏன்யா இத்தினி வயித்தெரிச்சலு? அவரு இன்னா அவள முழுங்கவா போறாரு?"

வாசலில் நின்று பார்த்தேன். பலகைமேல் விளக்கு, விளக்கடியில் இரண்டு தலை. தேவப்பிரியம் யாருக்கோ உப்பு அளந்தபடி, அவள் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெண் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். இங்கிருந்து சத்தம் கேட்கவில்லை. வாய் அசைவது தெரிந்தது.

மறுநாள் காலையில் மீனைப் பிரித்தபோது ஒரு வவ்வாலைத் தனியாக எடுத்தேன். "இன்னும் முடியலியா பங்கு?" என்றான் சுப்புராயன். "இது என் வூட்டுக்குடா" என்றேன். செவுளில் நாரைக் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன்.

எதிரே மங்கா வந்தாள். சிலேட்டை நீட்டிப் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுதியிருந்தது.

"டீச்சரம்மாதான் கேக்க மாட்டேன்ட்டாங்களே. யாருகிட்ட காட்ட எடுத்துகினு போற?"

"யாருகிட்டயும் இல்ல. சும்மா எழுதுனேன்."

"அப்ப அழிஞ்சா இன்னா? வா, தூக்கறேன்."

என் கையைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிலேட்டைப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"ஸ்கூலு வுட்டு வந்ததும் தூக்கு நைனா."

அப்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைச் சுற்றி ஒரு வளைவு போட்டு, சிலேட்டை வெயிலுக்குக் காட்டியபடி, காய்ந்த மணலிலேயே கால்வைத்துப் போனாள்.

அங்கே தேவப்பிரியம் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வீட்டில் கோவிந்தம்மா அடுப்பு மூட்டிய புகை. இரண்டுக்கும் நடுவில் நின்றேன். நாரில் தொங்கிய வவ்வால் மெதுவாகச் சுற்றியது, ஒரு பக்கம் நின்றது, மறுபடி சுற்றியது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் நான் நின்ற இடத்து மணலில் சின்னதாக ஒரு குழி பறித்திருந்தது.