குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து

என் அண்ணனுக்குக் கடையில் நாங்கள் வைத்த பெயர் 'ஆமென் முதலாளி'. தான் பேசியதற்குத் தானே ஆமென் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் போடும் வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. அவருடைய மூன்று ரொட்டிக் கடைகளில் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக நான் கல்லாவில் நிற்கிறேன்.

கடைகளுக்கு ஞாயிறு கட்டாய விடுமுறை என்ற சட்டத்தை எடுத்துவிடலாமா என்று அரசாங்கம் எல்லோரிடமும் கருத்துக் கேட்டிருந்தது. எங்கள் சபையும் ஒரு கடிதம் அனுப்புவதாக முடிவாகி, அதை எழுதும் பொறுப்பு அண்ணனிடம் போனது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

என் கணவர் இரவுக் காவலாளி. நான் கிளம்பும்போது அவர் வந்து படுப்பார். நான் திரும்பும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். ஞாயிறு ஒரு நாள்தான் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதுவும் போனால், குடும்பம் என்று எங்களுக்கு மிஞ்சுவது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மாற்றி மாற்றி ஒட்டும் துண்டுச் சீட்டுதான்.

ஆராதனை முடிந்ததும் போதகர் கடிதத்தை வாசித்தார். சுதந்திரம் கடவுள் தந்த ஈவாம். சந்தையில் அரசாங்கம் தலையிடுவது அந்த ஈவில் கை வைப்பதாம். "வேலைக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம். யாரும் கட்டாயப்படுத்தப்பட மாட்டார்கள்" என்று அழுத்தி வாசித்தார். கடைசியில், எண்பத்திரண்டு குடும்பங்களும் ஒருமனதாக ஒப்பமிட்டிருப்பதாகச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எப்போது ஒப்பமிட்டேன்?

எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு உறுப்பினர் அட்டை, அட்டைக்கு ஒரு கையெழுத்து. என் கணவர் சபையில் சேராதவர். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் என் பெயர் அண்ணன் வீட்டு அட்டையிலேயே கிடந்தது. அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டு என் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

எழுந்தேன்.

"ஐயா, என் பேரை அதுலேருந்து எடுத்துடுங்க."

"கூட்டம் முடியட்டும்மா, பேசிக்கலாம்" என்றார் போதகர்.

அண்ணன் முன்வரிசையிலிருந்து திரும்பினார். "சபை நடுவுல எதுக்கு இப்ப மானத்தை வாங்குற? பைபிள்ல வர்ற திராட்சைத் தோட்டக்காரன் கதை உனக்குத் தெரியாதா? அவன் தோட்டம், அவன் காசு, அவன் இஷ்டம்!"

"நல்லாத் தெரியும். விடிஞ்சதுலேருந்து சாயங்காலம் வரைக்கும் அவன் அஞ்சு தடவை ஆள் தேடிப் போனான். வேலை கிடைக்காம நின்னவங்களை 'ஏன் நிக்கிறீங்க'ன்னு கேட்டான். ஒரு மணி நேரம் செஞ்சவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்தான். அதையெல்லாம் விட்டுட்டு அவன் இஷ்டத்தை மட்டும் எடுத்துக்கிட்டியே அண்ணே! நீ ஒரு தடவையாவது என் வீட்டுக்கு வந்து, உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கியா?"

பின்வரிசையில், எங்கள் கடையில் ரொட்டி சுடுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் மூன்று பிள்ளைகள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் என்று அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அண்ணன் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"உன்னை யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா ஒண்ணு, சட்டம் போன பிறகு ஞாயித்துக்கிழமை வராதவ, திங்கக்கிழமையும் வரவேண்டாம். ஆமென்."

வழக்கமாக இரண்டு பேராவது கூடச் சொல்வார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் போதகரின் மேசைக்கு நடந்து போனேன். கடிதத்தில் 'யாரும் கட்டாயப்படுத்தப்பட மாட்டார்கள்' என்ற வரியைத் தேடிப் பிடித்து, அதன் மேல் விரலை வைத்தேன்.

"என் பேரை எடுக்க வேண்டாம் ஐயா. அண்ணன் இப்ப சொன்னாரே, அதை அப்படியே இந்த வரிக்குக் கீழ எழுதுங்க. நானே கையெழுத்துப் போடுறேன்."