கடைசிப் பக்கத்துக் குழந்தை

சின்னவள் நாலு மாதமாகப் படுத்த படுக்கை. நோய் ஒன்றும் இல்லை, வயிற்றில் பிள்ளை. முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே போய்விட்டதால், இந்தத் தடவை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: உடம்பு அசையக் கூடாது, மனசும் அலையக் கூடாது. உடம்பைக் கட்டிலில் போட்டுவிடலாம். மனசை எங்கே போடுவது?

புருஷன் கப்பல் வேலையில் இருந்ததால் அவள் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முன்னறையில் அக்கா புருஷனின் தையல் மெஷின், உள்ளறையில் இவள். டிவியைப் போட்டுப் பார்த்தார்கள். எந்த சீரியலைத் திருப்பினாலும் ஆஸ்பத்திரியில் யாராவது அழுதுகொண்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் டிவிக்குத் துணி போர்த்தியாயிற்று.

"ஏதாவது படிக்கக் குடுக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் ஆறு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டர். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு நூலகம் உண்டு. பதினோரு வருஷமாக அதைக் கடந்து போனவள், அன்றைக்குத்தான் படியேறினாள். நூலகருக்குப் புத்தகத் தூசி ஆகாது. வார்த்தைக்கு வார்த்தை தும்முவார். எல்லாரும் அவரைத் தும்மல் சார் என்றே கூப்பிட்டார்கள்.

"என்ன மாதிரி புத்தகம் வேணும்?"

"பிள்ளை சாகாத புத்தகம்."

தும்மல் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "அப்படித் தனியா ஒரு அலமாரி இங்க இல்லையேம்மா."

"அப்போ நானே படிச்சுப் பார்த்துக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் முழுசாக ஒரு புத்தகம் படித்ததில்லை.

லிஃப்டில் ஸ்டூல் மேல் உட்கார்ந்துதான் படிக்க ஆரம்பித்தாள். முதலில் அரிசியில் கல் பொறுக்குவதுபோல, எங்கேயாவது பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறதா என்று மட்டும் வரிவரியாகத் துழாவினாள். நாலாவது புத்தகத்தில் கல்லை மறந்துவிட்டாள். அப்புறம் லிஃப்ட் அதன் இஷ்டத்துக்குப் போனது.

"அம்மா, நான் கீழ போகணும். மூணாவது தடவையா ஆறாவது மாடிக்கு வந்துட்டோம்" என்றார் கணக்கர் ஒருநாள்.

"இருங்க சார். இவன் இப்பத்தான் கடுதாசியைப் பிரிக்கறான்."

கணக்கர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கு?" என்று அவரும் எட்டிப் பார்த்தார்.

நூலகத்துக்குள் போனால் அவளுக்கு மூச்சு சீராகிவிடும். இரும்பு அலமாரிகள், கடகடவென்று சுற்றும் மின்விசிறி, பேப்பர் மேஜையில் பாதித் தூக்கத்தில் நாலு பெரியவர்கள். அங்கே அவள் யாரையும் எத்தனாவது மாடி என்று கேட்க வேண்டியதில்லை. எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் ஏன் தொட்டாய் என்று கேட்க ஆளில்லை. புத்தக முதுகுகளைத் தடவிக்கொண்டே போவாள். எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே நாளெல்லாம் மேலும் கீழும் போய் வரலாம் என்று இருக்கும்.

படித்து முடித்ததும் தீர்ப்பு. ஒன்றும் ஆகாத கதை என்றால் 'பாஸ்' என்று கட்டிலில் போடுவாள். மற்றது 'ஃபெயில்' ஆகி, உள்ளறைப் பக்கமே வராமல் திரும்பிப் போய்விடும்.

"என்ன சென்சார் ஆபீசர், இன்னைக்கு எத்தனை தேறுச்சு?" என்பாள் சின்னவள்.

"அவளை ஏத்தி விடாத. வீட்டுல மூணு நாளா பால் பொங்கி வழியுது" என்பார் மெஷினிலிருந்தே மாமா.

இப்படி இருபது புத்தகத்துக்கு மேல் தேறின. அப்புறம்தான் அந்த ரொட்டிக்கடைக் கதை வந்தது. நானூறு பக்கத்துக்குக் குறையாத தடிப் புத்தகம். ரொட்டிக்கடைக்காரியும் அவள் கைக்குழந்தையும் பெரியவளை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இருநூற்று எண்பத்தேழாம் பக்கம் வந்தபோது லிஃப்ட் நின்றுபோனது. மெக்கானிக் பிரித்துப் போட்டுவிட்டுப் போக, மேனேஜர் அவளைப் படியேறிக் கோப்பு தூக்க விட்டார். சாயங்காலம் கால் வலியோடு வந்து விழுந்ததில், மூன்று நாளாக ஒரு வரி ஓடவில்லை.

சின்னவளுக்கு அன்றைக்கு ஏழாம் மாதம் பிறந்தது. கையில் புத்தகமும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"இன்னைக்காவது குடுக்கா. சும்மா கிடந்தா அதே நினைப்பு வருது."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு பெரியவளால் பொறுக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்க் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ரொட்டிக்கடைக்காரியின் மடியில் குழந்தை கிடந்தது. விளக்கைப் பார்த்துச் சிரித்தது. அது போதும்.

"பாஸ்" என்று கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நூலகத்தில், வழக்கமாக வரும் பஸ் டிரைவர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ரொட்டிக்கடைக் கதை உங்ககிட்டதானேம்மா இருக்கு? ரெண்டாந்தரம் படிக்கலாம்னு எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்."

"தங்கச்சி படிக்கறா. முடிச்சதும் தர்றேன்."

"முந்நூறாம் பக்கம் தாண்டிட்டாங்களா? அந்தப் பிள்ளை போற இடம் இருக்கே... டிப்போவுல உட்கார்ந்து அழுதுட்டேன். யார் வீட்டுல துக்கம், லீவு எழுதட்டுமான்னு கேக்கறான் கண்டக்டர்."

"எந்தப் பிள்ளை? கடைசிப் பக்கத்துல சிரிக்குதே?"

"அது ரெண்டாவது பிள்ளைம்மா."

பெரியவளின் பை மேஜையிலேயே கிடந்தது. "அம்மா, பை" என்று தும்மல் சார் எழுந்தார், தும்மினார், அதற்குள் அவள் தெருவில் இருந்தாள். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. காலையில் சின்னவள் பாதிக்கு மேல் படித்திருந்தது கண்ணில் வந்து வந்து போனது. மேல்மூச்சு வாங்க ஓடினாள்.

சின்னவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் சிவந்து, மூக்கு சிவந்து, தலையணை நனைந்து கிடந்தது. புத்தகம் மூடியிருந்தது.

"குடுடீ அதை."

"முடிச்சாச்சு."

பெரியவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தங்கையின் வயிற்றில் கை வைத்தாள். "முழுசா படிக்காம குடுத்துட்டேன்டீ. வலிக்குதா? டாக்டரம்மாவைக் கூப்பிடட்டுமா?"

"ஒண்ணும் இல்ல. பாரு, உதைக்குது." உள்ளங்கைக்குக் கீழே ஒரு குதிகால் நகர்ந்தது. "போன தடவை எல்லாரும் மறந்துடு மறந்துடுன்னே சொன்னீங்க. நீயும்தான். இவ மறக்கலைக்கா. மாவு பிசையறா. நடுவுல கதவுக்குப் பின்னாடி போய் நின்னு அழறா. மூஞ்சியைத் துடைச்சுட்டு வந்து மறுபடி பிசையறா. எத்தனையோ நாளா அந்தக் கதவுக்குப் பின்னாடி நான் ஒருத்திதான் நிக்கறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"நீ அழுதா ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குப் பயம்."

"அழாம இருக்கறதுதான்க்கா பாரமா இருந்துச்சு."

தங்கைக்காக இத்தனை நாள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவள், இதை மட்டும் கேட்டதே இல்லை. முன்னறையில் மெஷின் நின்றிருந்தது.

"போன பிள்ளைக்கு ஒரு பேர் வெச்சிருந்தேன்" என்றாள் சின்னவள். "யாருகிட்டயும் சொல்லலை."

"சொல்லு."

சொன்னாள். பெரியவள் அந்தப் பேரைத் தானும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நல்ல பேர். தன் முந்தானையாலேயே தங்கையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"நீ எதுவரைக்கும் படிச்சேக்கா?"

"எண்பத்தேழு. இருநூத்தி எண்பத்தேழு."

"பக்கத்துல வந்து படு. நான் படிக்கறேன்."

பெரியவள் சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். சின்னவள் அழுது கரகரத்த குரலில் நிதானமாகப் படித்தாள். அடுப்பு எரிந்தது, மாவு பொங்கியது, குழந்தை தவழ்ந்து மேஜைக்கு அடியில் போனது. மூன்று நாலு பக்கம் போவதற்குள் பெரியவள் மற்றதெல்லாம் மறந்துபோய் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முந்நூறாம் பக்கத்தின் அடி வந்ததும் சின்னவள் நிறுத்தினாள். அக்காவின் கையைத் தேடி எடுத்துத் தன் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.